ஆட்டுக் கொட்டகைக்குப் பின்னால் ஒரு வெள்ளைப் பூ

அத்தை முதலில் சோப்பை மாற்றினார். பிறகு துணி துவைக்கும் பவுடரை மாற்றினார். அதிலும் பலனில்லை என்றதும் கருவாட்டை நிறுத்தினார். இறால், கத்தரிக்காய், தக்காளி என்று ஒவ்வொன்றாகச் சமையலறையை விட்டு வெளியேறின. வேப்பிலையும் மஞ்சளும் அரைத்துப் பூசிக் குளித்தார். ஒரு கிளினிக்கில் ஊசி போட்டுக்கொண்டார். நான்கு நாள் நன்றாக இருந்தது, ஐந்தாம் நாள் மறுபடியும் ஆரம்பித்துவிட்டது. இப்படியே எட்டு மாதம் போனது.

சாதாரண அரிப்பாக இருந்தால் நானும் இதை எழுதிக்கொண்டிருக்க மாட்டேன். காலையில் எழும்போது கண் இமைகள் வீங்கி ஒட்டிக்கொண்டிருக்கும். கழுத்தைச் சுற்றியும் முழங்கை மடிப்பிலும் மணிக்கட்டிலும் தோல் கருத்துத் தடித்து, ஆங்காங்கே வெடித்து நீர் வடிந்தது. வெயிலில் நின்றால் இன்னும் மோசம். இரவில் தூக்கம் கிடையாது. கல்யாண வீட்டுக்கும் கோயிலுக்கும் போவதை நிறுத்திவிட்டார். "பக்கத்துல உக்கார்ந்திருக்கிறவங்க சேலையை இழுத்து வச்சுக்கிறாங்க பாப்பா. தொத்து வியாதின்னு நெனைக்கிறாங்க போல" என்று ஒருநாள் சொன்னார். சிரித்துக்கொண்டேதான் சொன்னார்.

நான் வானொலியில் வேலை செய்கிறேன். மருத்துவர்களை ஸ்டூடியோவுக்கு வரவழைத்து, நேயர்களின் கேள்விகளை அவர்களிடம் கேட்டு வாங்கித் தருவது என் வேலைகளில் ஒன்று. தோல் நோய் பற்றி மட்டும் எத்தனை மணி நேரம் பேசியிருப்பேன் என்று கணக்கில்லை. அப்படிப்பட்ட நான் சொந்த அத்தையிடம் சொன்னது இதுதான்: "உடம்புச் சூடா இருக்கும் அத்தை, இளநி குடிங்க."

அத்தைக்கு வேறொரு சந்தேகம் இருந்தது. புத்ராஜெயா எழும்புவதற்கு முன் அந்த இடத்தில் பிராங் பெசார், காலவே, மெடிங்லி, செட்ஜ்லி என்று நான்கு தோட்டங்கள் இருந்தன. அங்கிருந்து டெங்கில் தாமான் பெர்மாத்தாவுக்கு வந்து சேர்ந்த குடும்பங்களில் அத்தையின் குடும்பமும் ஒன்று. தோட்டத்தில் அவருக்கு மருந்து அடிக்கிற வேலை. முதுகில் தோம்பைக் கட்டிக்கொண்டு, முகத்தில் ஒரு துணியைச் சுற்றிக்கொண்டு, லாலாங்குக்கும் புல்லுக்கும் அடித்த கை. தோட்டத்துப் பெண்கள் இந்த வேலையில் பட்ட பாட்டை 2002-இல் தெனகனித்தா அமைப்பு ஓர் ஆய்வாகவே வெளியிட்டது. அந்தக் காலத்து மருந்துகளில் பேர்போன பாராகுவாட், இழுபறிக்குப் பிறகு 2020 ஜனவரி 1 முதல்தான் இந்த நாட்டில் முழுமையாகத் தடை செய்யப்பட்டது. "அப்ப அடிச்ச மருந்து இப்ப வெளிய வருது" என்று அத்தை முடிவு கட்டியிருந்தார். எங்களுக்கும் அது சரியென்றே பட்டது. அவர் உடம்பு பட்டதற்கு எதுவும் வரலாம் என்று நினைத்தோம்.

இப்போது அவர் ஆடு வளர்க்கிறார். ஊருக்கு வெளியே, பழைய ஈயச் சுரங்கக் குட்டைக்குப் பக்கத்தில், தெரிந்தவர் ஒருவரின் காலி நிலத்தில் ஒரு கொட்டகை. பன்னிரண்டு ஆடுகள். விடியற்காலையில் போய்ச் சுற்றுவட்டாரத்தில் புல் அறுத்துப் போட்டுவிட்டு, பால் கறந்து கொண்டுவருவார். இரண்டு மூன்று வீடுகளுக்கு வாடிக்கையாகப் பால் போகும். அதில் ஒரு வீட்டம்மா "பால் கசக்குது" என்று ஒரு மாதமாகப் புகார் சொல்லிக்கொண்டிருந்தார். விலையைக் குறைக்கத்தான் இந்தப் பேச்சு என்று அத்தை அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

கடைசியில் விஷயத்தைக் கண்டுபிடித்தவர் மருத்துவர் இல்லை, கிடா வாங்க வந்த ஒரு தம்பி. புதுக்கோட்டைப் பக்கத்துக்காரர். இங்கே ஓர் உணவகத்தில் வேலை செய்கிறார். முதலாளிக்காக ஆடு பார்க்க வந்தவர், கொட்டகைக்குப் பின்னால் இடுப்பு உயரத்துக்கு நின்ற செடிகளைப் பார்த்ததும் நின்றுவிட்டாராம்.

"அம்மா, இது பார்த்தீனியம்மா! இங்கயும் வந்துருச்சா? இதப் போயி வெறுங்கையில புடுங்குறீங்களே!"

அத்தை அந்த நேரத்தில் ஆட்டுக்குப் போடுவதற்காக அதையும் சேர்த்துத்தான் அறுத்துக்கொண்டிருந்தார்.

உடனே அரித்திருந்தால் தப்பித்திருப்போம்

நமக்குச் சுணை தெரியும். மூங்கிலில் சுணை உண்டு, கரும்புத் தோகையில் சுணை உண்டு, வெண்டைக்காயில்கூடக் கொஞ்சம் உண்டு. காஞ்சொறி, பூனைக்காலி எல்லாம் பட்ட மாத்திரத்தில் ஆளைக் குதிக்கவைக்கும். எந்தச் செடி என்று கேட்கவே தேவையில்லை, அதுவே சொல்லிவிடும். கழுவி, எண்ணெய் தேய்த்தால் கொஞ்ச நேரத்தில் அடங்கியும்விடும். மலாய்க்காரர்கள் இந்தச் சுணையைத்தான் மியாங் என்கிறார்கள். இந்தச் செடிக்கு நம் விவசாய இலாகா வைத்திருக்கும் பெயர் 'ரும்பாய் மியாங் மெக்சிகோ'. மெக்சிகோச் சுணைக்களை என்று சொல்லலாம்.

பெயர் பொருத்தமானதுதான். ஆனாலும் ஒரு விஷயத்தில் ஆளை ஏமாற்றுகிறது. பார்த்தீனியத்தை முதல்முறை தொட்டால் பெரும்பாலும் ஒன்றும் ஆகாது. பத்தாவது முறையும் ஆகாமல் இருக்கலாம். அதன் இலையிலும் தண்டிலும் பூவிலும் உள்ள மெல்லிய மயிர்களில் பார்த்தெனின் என்றொரு வேதிப்பொருள் இருக்கிறது. தோலில் படப்பட, நம் உடம்பின் எதிர்ப்புச் சக்தி அதை எதிரி என்று மெதுவாகக் குறித்துவைத்துக்கொள்கிறது. மாதக்கணக்கிலோ வருடக்கணக்கிலோ இப்படிப் போகும். ஒருநாள் அந்தக் கணக்கு முடிந்ததும், அதற்குப் பிறகு சிறு துகள் பட்டாலும் தோல் கொதித்து எழும். அதுவும் பட்டவுடன் எழுவதில்லை. ஒருநாள், இரண்டுநாள் கழித்துத்தான் எழும். திங்கட்கிழமை அறுத்த செடிக்குப் புதன்கிழமை அரிக்கிறது. புதன்கிழமை நாம் யாரைச் சந்தேகப்படுவோம்? செவ்வாய்க்கிழமை சாப்பிட்ட கருவாட்டைத்தான்!

இப்படி ஒருமுறை ஒவ்வாமை வந்துவிட்டால் பெரும்பாலும் அது ஆயுளுக்கும் கூடவே இருக்கும். இதையெல்லாம் எங்களுக்குப் பொறுமையாகச் சொன்னவர் அரசாங்க மருத்துவமனையின் தோல் மருத்துவர். புதுக்கோட்டைத் தம்பி சொன்ன பெயரை ஒரு காகிதத்தில் எழுதி, கைப்பேசியில் செடியின் படத்தோடு கொண்டுபோய்க் காட்டினோம். அவர் படத்தைப் பார்ப்பதற்கு முன்பே அத்தையின் சட்டைக் கையை மேலே தூக்கிப் பார்த்தார். சட்டை மூடியிருந்த தோல் சுத்தமாக இருந்தது. மூடாத இடமெல்லாம் புண். "சாப்பாட்டினால் வந்திருந்தால் உடம்பு முழுக்க வந்திருக்கும். இது காற்றில் வந்து படிகிறது" என்றார். கண் இமையும் கழுத்தும் முழங்கை மடிப்பும்தான் இதற்குப் பிடித்த இடங்களாம். தோல் மெல்லிதாக இருக்கும், வியர்வையோடு தூசியும் அங்கே தங்கும்.

இதில் இன்னொரு சங்கடமும் உண்டு. செடி காய்ந்து செத்த பிறகும் அதன் தூள் இதே வேலையைச் செய்யும். புல் வெட்டும் இயந்திரம் அதைச் சிதறடித்தால் பக்கத்தில் நிற்பவரின் முகத்திலும் வந்து படியும். மகரந்தம் மூக்கில் ஏறினால் தும்மலும் சளியும், சிலருக்கு இழுப்பும் வரும். அத்தையைவிட அதிகமாக இருமிக்கொண்டிருந்தவர் மாமா. அவர் செடியைத் தொட்டதே இல்லை. கொட்டகைத் திண்ணையில் பேப்பர் படிப்பதோடு சரி.

ஆடு மாடு விஷயத்துக்கு வருவோம். மாடுகள் பொதுவாக இதை ஒதுக்கிவிடும். வேறு புல்லோடு கலந்து போட்டால் சாப்பிட்டுவிடும், பாலில் கசப்பு ஏறும். அந்த வீட்டம்மாவிடம் அத்தை பிறகு போய் மன்னிப்புக் கேட்டார்.

புனேயிலிருந்து பத்தாங் காலி வரை

இந்தச் செடியின் சொந்த ஊர் மெக்சிகோ வளைகுடாவைச் சுற்றியுள்ள பகுதிகள். இந்தியாவில் 1955-இல் புனேயில் பரவலாகக் கவனத்துக்கு வந்தது. அமெரிக்காவின் பி.எல். 480 திட்டத்தில் வந்த கோதுமையோடு இறங்கியது என்பது தமிழ்நாட்டில் பாதிப் பேருக்குத் தெரிந்த கதை. கதையில் ஒரு சிக்கல் உண்டு: அந்தத் திட்டத்தில் இந்தியா ஒப்பந்தம் போட்டது 1956 ஆகஸ்டில், செடி அதற்கு முந்தைய வருடமே புனேயில் நின்றது. அதற்கு முன்பும் அமெரிக்கக் கோதுமை வந்துகொண்டிருந்ததால் கோதுமை முழுவதுமாகத் தப்பித்துவிட்டது என்றும் சொல்ல முடியாது. வட இந்தியாவில் இதைக் காங்கிரஸ் புல் என்றே அழைக்கிறார்கள். பூ வெள்ளைத் தொப்பி மாதிரி இருப்பதால் அந்தப் பெயர் என்கிறது ஒரு கட்சி. கோதுமை அனுப்பிய அமெரிக்க காங்கிரஸைக் குறிக்கிறது என்கிறது இன்னொரு கட்சி. இலையைப் பார்த்துக் கேரட் புல் என்பவர்களும் உண்டு.

எப்படி வந்திருந்தாலும், இருபது முப்பது வருடங்களில் காஷ்மீர் முதல் தமிழ்நாடு வரை ரயில் பாதை ஓரங்களிலும் தரிசு நிலங்களிலும் அது குடியேறிவிட்டது. 1983-இல் மெக்சிகோவிலிருந்து ஒரு சின்ன வண்டைப் பெங்களூருக்குக் கொண்டுவந்தார்கள். பார்த்தீனிய இலைதான் அதற்குச் சாப்பாடு. சோதனைகளுக்குப் பின் 1984-இல் வெளியே விட்டார்கள். சில வருடங்கள் கழித்து அந்த வண்டு சூரியகாந்திச் செடியில் உட்கார்ந்திருப்பதை யாரோ பார்த்துவிட, விவசாயிகள் கொதித்துப்போனார்கள். பெரிய விவாதம் நடந்து, சூரியகாந்திக்கு அதனால் ஆபத்தில்லை என்று ஆய்வாளர்கள் விளக்கினார்கள். வண்டு மழைக்காலத்தில் நன்றாகவே மேய்கிறது. செடியும் இருக்கத்தான் செய்கிறது. ஜபல்பூரில் களை ஆராய்ச்சிக்கென்றே ஒரு மத்திய நிறுவனம் இருக்கிறது. ஒவ்வோர் ஆகஸ்டு மாதமும் பார்த்தீனிய விழிப்புணர்வு வாரம் ஒன்றை அது நடத்துகிறது. ஒரு களைக்கு வாரம் ஒதுக்கும் அளவுக்குத் தொல்லை.

இலங்கையில் 1999-இல் வவுனியாவில் அடையாளம் கண்டார்கள். 1987 முதல் 1990 வரை அங்கே இருந்த இந்திய அமைதிப் படை, சாப்பாட்டுக்காகக் கொண்டுவந்த ஆடுகளோடு விதையும் வந்தது என்பது அங்கே பரவலான கருத்து. வவுனியாவிலிருந்து அது யாழ்ப்பாணத்துக்கும் போனது. யாழ்ப்பாணத்து வெங்காயத் தோட்டக்காரர்களுக்கு இந்தச் செடியை அறிமுகப்படுத்த வேண்டிய அவசியமே இல்லை.

நம் நாட்டுக்கு வந்தது ரொம்பத் தாமதமாக. 2013-இல், சிலாங்கூர் பத்தாங் காலியில் இது முதலில் கண்டுபிடிக்கப்பட்டது. டெங்கிலிலிருந்து காரில் ஒன்றரை மணி நேரத் தூரம். அதற்குப் பிறகு கெடா, பேராக் உட்படப் பல மாநிலங்களில் இருப்பது தெரியவந்தது. அந்தச் சமயத்தில் செய்திகளில் அடிபட்டதை நானே வாசித்திருக்கிறேன். வாசித்தேன் என்பதைவிட, செய்தித்தாளில் இருந்ததை ஒலிவாங்கியின் முன் ஒப்பித்தேன் என்பதுதான் சரி. 'ரும்பாய் மியாங் மெக்சிகோ' என்று மலாய்ப் பெயரை மட்டும் சொல்லிவிட்டு அடுத்த பாட்டுக்குப் போயிருப்பேன். பார்த்தீனியம் என்ற சொல்லைச் சேர்த்துச் சொல்லவில்லை. செடி எப்படி இருக்கும் என்றும் சொல்லவில்லை. தமிழ்நாட்டில் பள்ளிப் பிள்ளைகளுக்கும் தெரிந்த ஒரு செடி, இங்கே ஆடு வளர்க்கும் அத்தைக்குத் தெரியாமல் போனதில் எனக்கும் ஒரு பங்கு உண்டு.

டெங்கில் பக்கம் இந்தச் செடிக்கு வேண்டியது எல்லாம் இருக்கிறது. கிளறிப் போட்ட மண் இதற்கு மிகவும் பிடிக்கும். நெடுஞ்சாலை ஓரம், வீடமைப்புத் திட்டங்களுக்காகச் சமப்படுத்திய நிலம், மண் லோரிகள் போய்வரும் பாதை, பழைய சுரங்க மேடு. விதை மிகச் சிறியது. டயரில் ஒட்டிய சேற்றிலும் ஆட்டுக் குளம்பிலும் ஓடும் தண்ணீரிலும் பயணம் செய்யும். நன்றாக வளர்ந்த ஒரு செடி 15,000 விதைகளுக்கு மேல் போடும். முளைத்த நாலாறு வாரத்திலேயே பூக்கத் தொடங்கிவிடும். மண்ணில் புதைந்த விதை வருடக்கணக்கில் காத்திருக்கும். அக்கம்பக்கத்துச் செடிகளை வளரவிடாமல் தடுக்கும் சரக்கும் அதன் வேரிலும் இலையிலும் இருக்கிறது. அத்தையின் கொட்டகை வேலிக்கு அந்தப் பக்கம் ஒரு வருடமாக லோரிகள் மண் கொட்டிக்கொண்டிருந்தன.

எப்படி அடையாளம் காண்பது?

முதலில் தரையோடு ஒட்டி, கேரட் செடியைத் தட்டில் பரப்பிவைத்த மாதிரி வட்டமாகப் படரும். பிறகு நடுவிலிருந்து தண்டு எழுந்து, ஒரு மீட்டர், ஒன்றரை மீட்டர்வரை போய்க் கிளை விரிக்கும். தண்டில் மேலிருந்து கீழாக வரி வரியாகக் கோடுகள் இருக்கும். இலை வெளிறிய பச்சை, ஆழமாக வெட்டுப்பட்டு, மெல்லிய மயிரோடு இருக்கும். பூ, நொய்யரிசி அளவு. வெள்ளை. உற்றுப் பார்த்தால் வட்டமாக இல்லாமல் ஐந்து மூலைகளோடு தெரியும். தூரத்திலிருந்து பார்த்தால் பூச்செண்டில் வைக்கிற பேபிஸ் பிரெத் மாதிரி அழகாகவே இருக்கிறது. அதனால்தான் சிலர் வீட்டுக்குக் கொண்டுபோய்ப் பூச்சாடியில் வைத்துவிடுகிறார்கள்.

இளம் செடியைப் பார்த்தால் உலாம் ராஜா என்று ஏமாறுவது சுலபம். உலாம் ராஜாவைக் கசக்கினால் மாங்காய் வாசனை வரும் என்பது எல்லாருக்கும் தெரியும். தயவுசெய்து சோதனைக்காக இதைக் கசக்கிப் பார்க்க வேண்டாம். உலாம் ராஜா பூத்தால் இளஞ்சிவப்பில் பெரிய பூ. இன்னொரு பக்கம், பாவம், வெட்டுக்காயப் பூண்டு. அதற்கும் வெள்ளை இதழ் உண்டு, நடுவில் மஞ்சளாக இருக்கும், நீளக் காம்பில் ஒற்றையாக நிற்கும். பார்த்தீனியம் என்று பயந்து அதைப் பிடுங்கிப்போட வேண்டியதில்லை.

இதைப் பற்றி நிகழ்ச்சியில் ஒரு மணி நேரம் பேசினேன். தொலைபேசி ஓயவில்லை. கிள்ளானிலிருந்து பேசிய ஓர் அண்ணன், தன் கையும் இப்படித்தான் கருத்திருக்கிறது என்றார். கேட்டால், அவர் இரவுச் சந்தையில் லிமாவ் ஜூஸ் விற்கிறவர். பிற்பகல் வெயிலில் கடை விரித்து, மூட்டை மூட்டையாக எலுமிச்சை பிழிகிறார். ஸ்டூடியோவில் இருந்த மருத்துவர் இது வேறு சங்கதி என்றார். எலுமிச்சைத் தோலில் இருக்கும் ஒரு பொருள், கையில் பட்ட பிறகு வெயிலும் பட்டால் தோலைச் சுட்டுவிடும். இதற்கு ஒவ்வாமை வேண்டியதில்லை, யாருக்கும் வரும். வெயில் படாவிட்டால் வராது. ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் சாலையோரங்களில் வளரும் காட்டுப் பார்ஸ்னிப் என்ற செடி, கேரட்டுக்கு உறவு, இதே வேலையைத்தான் செய்கிறது. அதை வெட்டுகிறவர்கள் கையெல்லாம் கொப்பளத்தோடு மருத்துவமனைக்குப் போகிறார்கள். நம் நலங்குமாவில் சேர்க்கும் கார்போக அரிசியிலும் இதே குடும்பத்துப் பொருள்தான். அதைக் கட்டுப்பாட்டோடு வெயிலில் வைத்து வெண்புள்ளிக்கு வைத்தியம் செய்த பழக்கம் நம் நாட்டு மருத்துவத்தில் உண்டு. அண்ணனுக்கு மருத்துவர் சொன்ன யோசனை எளிமையானது: கையுறை போடுங்கள், இல்லாவிட்டால் பிழிந்ததும் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு வெயிலுக்குப் போங்கள்.

செடியை என்ன செய்வது என்றுதான் அதிகம் பேர் கேட்டார்கள். நாங்கள் செய்ததைச் சொல்கிறேன். முதலில் விவசாய இலாகாவின் மாவட்ட அலுவலகத்துக்குப் படத்தோடு தகவல் கொடுத்தோம். 1976-ஆம் ஆண்டின் தாவரத் தனிமைப்படுத்தல் சட்டத்தின் கீழ் இது சும்மா விடக்கூடிய களை இல்லை. நம் நிலத்தில் இருந்தால் நமக்கும் பொறுப்பு உண்டு. அடுத்து, பூக்காத இளஞ்செடிகளை மழை பெய்த மறுநாள், மண் இளகியிருக்கும்போது, வேரோடு எடுத்தோம். நீளக் கை சட்டை, ரப்பர் கையுறை, முகக்கவசம், கண்ணாடி எல்லாம் போட்டுக்கொண்டு. எடுத்தவர்கள் நானும் என் தம்பியும். அத்தையும் மாமாவும் காரைவிட்டு இறங்கக் கூடாது என்று கட்டளை. பூத்த செடியை உலுக்கினால் விதை கொட்டும். அதனால் அவற்றை நின்ற இடத்திலேயே பிளாஸ்டிக் பையால் மூடிக் கட்டி, பிறகுதான் எடுத்தோம். வீட்டுக்கு வந்ததும் உடைகளைத் தனியாகத் துவைத்தோம். எரிக்க வேண்டாம் என்று மருத்துவர் சொல்லியிருந்தார், புகையோடு தூளும் பறக்குமாம்.

பாறை இடுக்கிலும் சாக்கடை ஓரத்திலும் இருந்ததற்கு உப்புக் கரைசல் அடித்தோம். தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் பரிந்துரை அது: ஒரு லிட்டர் தண்ணீருக்கு 200 கிராம் உப்பு, கூடக் கொஞ்சம் சோப்புத் திரவம். பயிர் செய்கிற மண்ணில் அடித்தால் மண் கெட்டுவிடும், அங்கே கூடாது. புல் மருந்து அடித்துவிடலாமே என்று தம்பி கேட்டான். காரின் ஜன்னலுக்குள்ளிருந்து அத்தை "அதை மட்டும் என் கண்ணு முன்னாடி அடிக்காத" என்றார்.

ஒருமுறை எடுத்தால் முடிகிற வேலை இல்லை இது. மூன்று வாரம் கழித்துப் போனால் அதே இடத்தில் பச்சைத் தட்டுகள் விரித்துவைத்த மாதிரி முளைத்திருந்தன. மறுபடி எடுத்தோம். நாலாவது தடவை போனபோது எண்ணிவிடும் அளவுக்குக் குறைந்திருந்தது. கொட்டகையை வேலியிலிருந்து தள்ளி மாற்றிவிட்டு, நேப்பியர் புல்லை நட்டுவிட்டார்கள். ஆடுகளுக்கு இப்போது அதுதான்.

அத்தையின் கை இப்போது பரவாயில்லை. தடித்த தோல் மெல்ல இறங்கி, கருப்பு மட்டும் பாக்கி. இரவில் தூங்குகிறார். களிம்பு எதை எத்தனை நாள் பூசுவது, எப்போது நிறுத்துவது என்பதை மருத்துவர் எழுதிக் கொடுத்தபடியே செய்கிறார், கடையில் தானாக வாங்குவதில்லை. கருவாடு திரும்பி வந்துவிட்டது. எட்டு மாதத்துக்கும் சேர்த்துச் சாப்பிடுகிறார் என்று மாமா குறை சொல்கிறார்.

திரும்பி வராத ஒன்று சாமந்தி. பார்த்தீனியத்துக்கு அது தூரத்துச் சொந்தம். இதில் ஒவ்வாமை வந்த சிலருக்கு அதுவும் ஆகாதாம். போன மாதம் பிரிக்பீல்ட்ஸுக்குப் பூ வாங்கப் போயிருந்தோம். வழக்கமான கடையில் அந்த அக்கா பழக்கதோஷத்தில் மஞ்சள் சாமந்தி மாலையை எடுத்து நீட்டினார். அத்தை இரண்டு கையையும் பின்னால் கட்டிக்கொண்டு, "மல்லி மட்டும் குடும்மா" என்றார்.

திரும்பி வரும்போது டெங்கிலுக்குத் திரும்பும் முக்கில் காரை நிறுத்தச் சொன்னார். சாலையோரம், ஒரு கட்டுமான வேலி ஓரமாக, வெள்ளையாக ஏதோ பூத்திருந்தது. கண்ணாடியை இறக்காமலே உள்ளே உட்கார்ந்து கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு என் கைப்பேசியை வாங்கி, பெரிதாக்கிப் படம் எடுத்தார்.

"அதேதான் பாப்பா. அந்த ஆபீஸுக்கு அனுப்பு. இடத்தையும் எழுது, வேலிக்குப் பக்கத்துலன்னு."